பதினெட்டாம் நாள் முட்டையின் சூடு

ஆத்தூர்ச் சாலையில் செம்பட்டி பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை; அதற்குள் இரண்டு கைலி, ஒரு துண்டு, ஒரு சவரக் கத்தி. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. நான் விட்டு வந்த குஞ்சு பொரிக்கும் பண்ணையின் தகரக் கூரை பின்னால் தென்னைகளுக்கு நடுவே மின்னிக்கொண்டிருந்திருக்கும். நான் பார்க்கவில்லை. ஓர் இடத்தை விட்டுப் போகும்போது திரும்பிப் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் வலது உள்ளங்கையை மட்டும் நாலைந்து தடவை விரித்துப் பார்த்தேன். நான்கு நாளைக்கு முன்னால் அந்தக் கையில் ஒரு முட்டையை வைத்து, அக்கா என் விரல்களை மூடிவிட்டார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டது போலிருந்தது. வருஷங்கள் எவ்வளவோ ஓடிவிட்டன. அந்தச் சூடு எப்படியிருந்தது என்று இப்போதும் என்னால் சொல்ல முடியும்.

அதற்கு முன்னால் எந்த வேலையிலும் நான் ஆறு மாதம் தாண்டியதில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில், பிறகு லாரியில் கிளீனர், செங்கல் சூளை, கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுவது என்று போய்க்கொண்டே இருந்தேன். சாப்பாடு கிடைத்த நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு. அதில் சொல்ல ஒன்றுமில்லை. குஞ்சுப் பண்ணையில் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தபோது எனக்கு முப்பத்து மூன்று வயது. அங்கே மட்டும் பதினோரு மாதம் இருந்தேன். காரணம் அக்காதான்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், அவ்வளவுதான். திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவ ஊர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. வீட்டுக்காரர் பூட்டுப் பட்டறை வைத்திருந்து அது படுத்துப்போனதால் வீட்டிலிருந்தார். இரண்டு பெண் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டின் அடுப்பு அக்காவின் சம்பளத்தில் எரிந்தது. பண்ணையில் அவர் வேலை முட்டைகளுக்கு வெளிச்சம் காட்டிப் பார்ப்பது. ஓட்டை போட்ட தகரப் பெட்டிக்குள் ஒரு பல்பு. இருட்டறையில் அந்த ஓட்டையின் மேல் முட்டையை வைத்தால் உள்ளே இருப்பது தெரியும். ஏழாம் நாள் பார்ப்பார். ஒன்றுமில்லாமல் மஞ்சளாகத் தெரிந்தால் கூமுட்டை. சிவப்பாய் ஒரு வளையம் மட்டும் தெரிந்தால், உயிர் வந்து நடுவழியில் நின்றுபோனது. ஒரு கறுப்புப் புள்ளியும் அதைச் சுற்றிச் சிலந்திக் கால்கள் போல நரம்புகளும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. முட்டையை எடுத்து, ஒரு திருப்புத் திருப்பி, வலது பக்கமோ இடது பக்கமோ வைப்பார். அந்த நேரத்தில் யாரிடமும் பேச மாட்டார். வெளியே வந்த பிறகுதான் அன்றைக்கு உள்ள பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசுவார். வேன் ஓட்டும் டிரைவர் அண்ணன் கிண்டலாக அவரை டாக்டரம்மா என்பார்.

ஒருநாள் மதியம் மூவரும் வேப்பமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டிரைவர் அண்ணன் என்னைச் சீண்டினார்.

"என்ன அப்பு, உன் கிழவன் இன்னைக்கு மூச்சு விடுறானா?"

கிழவன் என்றால் ஜெனரேட்டர். "விடுறான்ணே. தண்ணி கேக்குறான், டீசல் குடிக்கிறான், புகை விடுறான், ஒதைச்சா உறுமுறான். என்னைவிட நல்லா உசிரோட இருக்கான்" என்றேன்.

அப்போது ஒரு பழைய கதையைச் சொன்னேன். ஆறாம் வகுப்பில் நோட்டை இரண்டாகக் கோடு போட்டுப் பிரித்து, உயிருள்ளவை ஒரு பக்கம், உயிரற்றவை ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். உயிருள்ளது நகரும், தின்னும், வளரும், தன்னைப் போல இன்னொன்றை உண்டாக்கும் என்று பாடம். நான் உயிருள்ளவையின் பக்கம் முதலாவதாகத் தீ என்று எழுதினேன். தீ தின்கிறது, வளர்கிறது, ஒன்றிலிருந்து பத்து உண்டாகிறது, சாகவும் செய்கிறது. வாத்தியார் என்னை பெஞ்சு மேல் ஏற்றினார். ஏன் தப்பு என்று மட்டும் சொல்லவில்லை.

அக்கா வாயில் சோற்றை வைத்துக்கொண்டு சிரித்ததில் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்.

"ஏலே, உன் கிழவன் போன வாரம் ரெண்டு நாள் நின்னு கெடந்தான். மெக்கானிக்கு வந்து என்னமோ மாத்தினான், ஓடுறான். ஒரு முட்டையை ரெண்டு நாள் நிப்பாட்டிட்டு அப்பறம் ஓட்டிக் காட்டு பாப்போம்."

"சரிக்கா, தீ?"

"தீயும் அப்படித்தான். அணைச்சுட்டுத் திரும்பப் பத்த வையி, அதே தீதான். எந்த அடுப்புல எரிஞ்சாலும் ஒண்ணுதான். இங்க பாரு, ஒரே நாள்ல வச்ச முட்டை, ஒரே சூடு, ஒரே தட்டு. ஒண்ணு இருபதாம் நாளே ஓட்டைக் கொத்துது. ஒண்ணு இருபத்தொண்ணு. ஒண்ணு, வரலாமா வேண்டாமான்னு உள்ளயே ஒக்காந்திருக்கு. ஆளாளுக்கு ஒரு நேரம். தீக்கு அப்படி ஏதாச்சும் இருக்கா?"

டிரைவர் அண்ணன் விடவில்லை. "அப்ப வெங்காய வெதை? டப்பாவுல வருசம் பூரா சும்மாதான கெடக்கு?"

"சும்மா கெடக்கல. நம்ம முதலாளி மாதிரி. வேலை செய்யிறது வெளிய தெரியாது."

மூன்று பேரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கும்போது டிரைவர் அண்ணன் கையைக் கழுவிக்கொண்டே, "டாக்டரம்மா சொன்னாச் சரியாத்தான் இருக்கும், குழிக்குள்ள கத்துனதைத் தவிர" என்றார். அக்கா முகம் சட்டென்று சுருங்கிவிட்டது. பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அந்தக் கதையை அப்புறம் தெரிந்துகொண்டேன். நான் வருவதற்கு முந்தின கோடையில் நடந்தது. பொரிக்க வேண்டிய நாள் தாண்டியும் பொரிக்காத முட்டைகள் கொஞ்சம் கிடந்தன. அக்கா எடுத்துப் பார்த்துச் செத்துவிட்டது என்று சொல்ல, அவற்றைக் கழிவுக் குழியில் கொட்டினார்கள். மறுநாள் மதியம் குழிக்குள்ளிருந்து கத்தும் சத்தம். திண்டுக்கல் வெயில் பொரித்துவிட்டது. அக்கா குழிக்குள் இறங்கி, நாற்றத்துக்குள் கையை விட்டு அதை எடுத்தார். ஒரே ஒரு குஞ்சு. மற்றவை எப்போது செத்தன என்று யாருக்குத் தெரியும்? அந்தக் குஞ்சு அவர் வீட்டில் கோழியாகி வளர்ந்தது. ஆனால் அன்றிலிருந்து செத்துப்போச்சு என்ற சொல்லை அக்கா வாயால் சொல்வதில்லை. "இன்னும் ஒண்ணும் தெரியல" என்பார். மற்றவர்கள் இதைப் பயம் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பண்ணையில் இரண்டு பெரிய மிஷின்கள். ஆள் உள்ளே நுழையும் அளவு பீரோ மாதிரி இருக்கும். உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள், சூடு தரும் கம்பிச் சுருள், காற்றைச் சுற்றிவிடும் மின்விசிறி. கம்பி சூடாகும்போது வெளியே ஒரு சிவப்பு விளக்கு எரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரண்டு வாரம் தாண்டிய முட்டைகள் உள்ள மிஷினில் அந்த விளக்கு எரிவதே இல்லை என்று கண்டுபிடித்து, பல்பு போய்விட்டது என்று பெருமையாகச் சொன்னேன். அக்கா சொன்னார்: "பல்பு நல்லாத்தான் இருக்கு. அதுகளே சூடு போடுதுக, மிஷினுக்கு வேலை இல்ல." கேட்டுக்கொண்டேன். மண்டையில் ஏறவில்லை.

சுவரில் முதலாளி ஒரு தாள் ஒட்டியிருந்தார்: கரண்ட் போனால் மிஷின் கதவைத் திறக்கக் கூடாது. மிஷின் விற்றவர்கள் சொன்னதோ அவராக எழுதியதோ தெரியாது. அவர் கோபக்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பண்ணையை வாங்கக் கடன்பட்டிருந்தார், அந்தப் பயம் எப்போதும் அவர் குரலில் இருந்தது.

சித்திரை மாதம் ஒரு நண்பகல். கரண்ட் போனது. கிழவனை உதைத்தேன், இழுத்தேன், கெஞ்சினேன். கிளம்பவில்லை. ஒரு மிஷினில் ஐந்தாம் நாள் முட்டைகள். இன்னொன்றில் பதினெட்டாம் நாள் முட்டைகள். முதலாளி மதுரைக்குப் போயிருந்தார். அக்கா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஐந்தாம் நாள் மிஷினை மூடி, அதன் மேல் சாக்குகளைப் போர்த்தினார். பதினெட்டாம் நாள் மிஷினின் கதவை விரியத் திறந்தார். தரையில் தண்ணீர் ஊற்றினார். என் கையில் ஒரு முட்டை அட்டையைக் கொடுத்து விசிறச் சொன்னார்.

"சின்னதுகளுக்கு நாம சூடு காக்கணும். இதுக இப்ப நம்மளக் கேக்கல. விசிறி நின்னுருச்சுல்ல, போட்ட சூடு வெளிய போக வழி வேணும். நான் போயி மெக்கானிக்கை இழுத்துட்டு வாரேன். என் தங்கச்சி வீட்டுக்காரன்தான். ஆம்பளைக கூப்பிட்டா வர மாட்டான், நான் நாலு கேள்வி கேட்டா வருவான். நீ கதவை விட்டு நகராத."

டிரைவர் அண்ணனோடு வேனில் சின்னாளபட்டிக்குப் போனார். நான் விசிறிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஆபீஸ் அறையில் போன் அடித்தது. முதலாளி. கரண்ட் போனது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. கதவு திறந்திருக்கிறது என்று சொன்னதும் கத்தினார். "அம்புட்டும் குளுந்து சாகப்போகுதுடா! ஓடிப் போயிக் கதவைச் சாத்து. சாக்கைப் போடு. சந்துகூட இருக்கக் கூடாது!"

போய்ச் சாத்தினேன். சாக்குகளைப் போர்த்தி, கீழ்ச் சந்தில் துண்டைத் திணித்தேன். அக்கா சொன்னது காதில் இருந்தது. ஆனால் சூடு போய்விட்டால் உயிர் போய்விடும் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த விஷயம். செத்தவர்களைத் தொட்டால் சில்லென்று இருக்கும். சம்பளம் கொடுப்பவரும் சொல்கிறார். இரண்டும் சேர்ந்தபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை. போர்வைக்குள் பிள்ளையைப் பொத்தி வைத்த நிம்மதியோடு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வேன் வந்தது. அக்கா உள்ளே வந்து சாக்குகளைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து வந்த காற்று முகத்தில் அடுப்பைப் போல அடித்தது. மேல் தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்து என் கையில் வைத்து, என் விரல்களை மூடினார்.

கரண்ட் இல்லை, கம்பி ஆறிப்போய்விட்டது, தீ எங்கும் இல்லை. என் கையில் அந்த முட்டை கொதித்தது. அப்போதுதான் புரிந்தது. ஓட்டுக்குள் இருப்பது பொருளில்லை, ஆள். கூட்டமாக அடைத்து வைத்தால் மூச்சுமுட்டும் ஆள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா அட்டையை எடுத்து விசிறத் தொடங்கிவிட்டார்.

மெக்கானிக் ஒருவழியாகக் கிழவனை எழுப்பினார். மாலையில் முதலாளி வந்தார். "கதவை எவன் திறந்தது?" என்றார்.

"நாந்தான்" என்றார் அக்கா. யார் மூடியது என்று அவரும் சொல்லவில்லை, முதலாளியும் கேட்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலாளி பதினெட்டாம் நாள் முட்டைகள் எல்லாவற்றையும் குழியில் கொட்டச் சொன்னார். அக்கா ஓர் அலுமினியச் சட்டியில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொண்டு வந்தார். ஒவ்வொரு தட்டிலிருந்தும் இரண்டு மூன்று முட்டைகளை எடுத்து மிதக்கவிட்டார். நடுத் தட்டு, கீழ்த் தட்டு முட்டைகள் தண்ணீரில் தாமாகவே ஆடின. உள்ளே இருப்பது காலை உதைக்கிறது. தண்ணீரில் சின்னச் சின்ன வட்டங்கள் கிளம்பி விளிம்பைத் தொட்டன. முதலாளிகூடக் குனிந்து பார்த்தார். மேலே இருந்த இரண்டு தட்டுகளில் மட்டும் ஒரு முட்டையும் ஆடவில்லை. அத்தனையையும் ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார். சும்மா மிதந்தன. சூடு மேலேதான் ஏறும்.

"மத்ததை வையி. இந்த ரெண்டு தட்டும் குழிக்கு" என்றார் முதலாளி.

"இன்னும் ஒண்ணும் தெரியல."

"அதான் ஆடலையேம்மா!"

"தூங்குறவனும்தான் ஆட மாட்டான். பொரிக்கிற நாள் வரைக்கும் இருக்கட்டும்."

"அழுகி வெடிச்சா மத்ததும் நாசமாப் போகும். நீ பொறுப்பேத்துக்கிறியா? கதவைத் திறந்து இம்புட்டையும் கெடுத்துட்டு..."

"ஏத்துக்கிறேன். இந்த ரெண்டு தட்டுல ஒண்ணுகூடப் பொரிக்கலேன்னா நான் வேலைக்கு வரல."

அந்த இரண்டு பிள்ளைகளின் படிப்பும் வீட்டின் அடுப்பும் அசையாத இரண்டு தட்டு முட்டைகளின் மேல் வைக்கப்பட்டிருந்தன. வைக்க வேண்டிய நிலைமையை உண்டாக்கியவன் நான். அடுத்த மூன்று நாளும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை. பசி, அடி, அவமானம் எல்லாம் பார்த்தவன்தான். ஆனால் ஒரு மனுஷி என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தது எனக்குப் புதிதாக இருந்தது. அதை எப்படித் தாங்குவது என்று தெரியவில்லை.

இருபத்தோராம் நாள் பண்ணையே கத்தியது. நடுத் தட்டும் கீழ்த் தட்டும் மஞ்சளும் கறுப்புமாகப் பொங்கி வழிந்தன. மேல் தட்டுகள் இரண்டும் கல்லாகக் கிடந்தன. பொழுது சாயும் வரை அக்கா அவற்றின் பக்கத்திலேயே நின்றார். முதலாளி வந்து பார்த்துவிட்டு, "சொன்னது நீதாம்மா. நாளைக்கு வர வேண்டாம்" என்றார். அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "விடியக்காலம் மட்டும் ஒருக்காப் பாத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விடிந்ததும் முதலாளி என்னிடம் தட்டுகளைக் கொட்டச் சொன்னார். இரண்டையும் தூக்கிக்கொண்டு குழிப் பக்கம் நடந்தேன். பாதி வழியில் கீச்சென்று ஒரு சத்தம். பண்ணைக்குள்ளிருந்து வருகிறது என்று நினைத்தேன். நின்றேன். மறுபடியும். என் நெஞ்சுக்கு நேராக, ஓட்டுக்குள்ளிருந்து. தட்டுகளைக் கீழே வைத்து ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கேட்டேன். மூன்று முட்டைகள் பேசின. மற்றவை பேசவில்லை. அவை பேசாமல் போனது என்னால்தான்.

குஞ்சு வாங்க வந்த வியாபாரி ஆபீஸில் உட்கார்ந்திருந்தார். டிரைவர் அண்ணனும் இருந்தார். தட்டுகளை முதலாளியின் மேஜை மேல் வைத்தேன்.

"மூணு கத்துது. அக்கா ஒண்ணுகூடப் பொரிக்கலேன்னாத்தான் வரலைன்னாங்க, நீங்க அதுக்குள்ள நிப்பாட்டிட்டீங்க. இன்னொண்ணு. இதுக மேல் தட்டு. அன்னைக்குக் கதவை மூடி இதுகளைக் கொன்னது நான். மூடச் சொன்னது நீங்க. அக்கா திறந்ததால மிச்சம் பொழச்சுச்சு."

வியாபாரி ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்தார். பிறகு முதலாளியைப் பார்த்துக் கேட்டார்: "அந்தம்மாவையா நிப்பாட்டுனீங்க? அப்ப அடுத்த தடவை நான் எங்க வாங்குறது?"

முதலாளி முகம் கறுத்தது. டிரைவர் அண்ணனிடம், "போயிக் கூட்டிட்டு வா" என்றார். என்னைப் பார்க்காமலே, "நீ கெளம்பு" என்றார். நியாயம்தான் என்று எனக்குப் பட்டது. யாராவது ஒருவர் போக வேண்டியிருந்தது.

அப்படித்தான் அந்தக் காலையில் ஆத்தூர்ச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். எதிரே வேன் வந்து நின்றது. அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஏலே, மூணு நாளா அதை ஏன் வாய்க்குள்ள வச்சிருந்த?"

"தெரியலக்கா. நீங்க ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவியா மாட்டியான்னு தெரியல. அதான் விட்டுட்டேன்."

"உசிரு இருக்குன்னு தெரிஞ்சுதானக்கா பந்தயம் கட்டுனீங்க?"

"எனக்கென்ன தெரியும்? தெரியாததுனாலதான் இருக்கட்டும்னேன். தெரிஞ்சிருந்தா நானே கொட்டியிருப்பேன், இல்ல நானே அடிச்சுச் சொல்லியிருப்பேன்." பிறகு டிரைவர் அண்ணனின் தோளைத் தட்டினார். "வண்டியை எடுங்கண்ணே, ஓட்டைக் கொத்துற நேரம், ஈரம் இல்லேன்னா குஞ்சு ஓட்டோட ஒட்டிக்கிரும். போயிட்டு வா அப்பு. சாப்பிட்டுப் போ."

நன்றி என்று ஒரு சொல் இல்லை. அவர் நினைப்பெல்லாம் அந்த மூன்றின் மேல் இருந்தது. அதுதான் எனக்குப் பிடித்திருந்தது. பயம் என்று நான் நினைத்தது பயமே இல்லை. தனக்குத் தெரியாது என்பதைச் சொல்லிவிட்டு, அந்தத் தெரியாமையின் பக்கத்தில் வேலையையும் பணயம் வைத்து நிற்க ஒரு தைரியம் வேண்டும். எனக்கு எப்போதும் எல்லாம் தெரிந்துதான் இருந்தது. அந்தத் தெளிவோடுதான் சந்தில் துண்டைத் திணித்தேன்.

செம்பட்டியில் பழனி பஸ் வந்தது. ஏறிவிட்டேன். ஆயக்குடியில் ஒரு பெண் கொய்யாக் கூடையோடு இறங்கினாள், நானும் இறங்கினேன். வேறு காரணம் இல்லை. அன்றிரவு ஒரு கமிஷன் கடையின் வெளியே படுத்தேன். விடிந்ததும் கொய்யாக் கன்று வளர்க்கும் ஒரு தோட்டத்தில் போய் நின்றேன். தோட்டக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, கன்னு வேலை தெரியுங்களா?"

"தெரியாதுங்க."

கிளையில் பதியம் போட்டு வெட்டி எடுத்துப் பையில் நட்ட கன்றுகள் வரிசையாக இருந்தன. ஒரு மூலையில் இருந்தவற்றில் இலையே இல்லை. வெறும் குச்சிகள்.

"அதெல்லாம் செத்துப்போச்சு. புடுங்கிப்போட்டுப் பையைக் காலி பண்ணுங்க. மத்ததை அப்பறம் பாத்துக்கலாம்."

உட்கார்ந்து ஒரு குச்சியை நகத்தால் கீறினேன். உள்ளே பழுப்பு. அடுத்ததைக் கீறினேன். பச்சை என்றும் சொல்ல முடியாது, பழுப்பு என்றும் சொல்ல முடியாது.

"இன்னும் ஒண்ணும் தெரியலைங்க. பத்து நாள் விட்டுப் பாக்கலாங்களா?"

"பத்து நாளைக்கு இதுக்கு ஆரு தண்ணி ஊத்தறது?"

"நான் ஊத்தறேன்."

அவர் கிணற்றடியில் கிடந்த பூவாளியைக் காட்டினார். நான் போய் எடுத்துக்கொண்டேன்.